வாக்காளர் மேல் போடும் பழி: பெண் வேட்பாளரைப் பொதுவெளி பார்க்கும் விதம்

தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 10 லட்சம் பேர் கூடுதல். அந்தத் தேர்தலில் போட்டியிட்ட ஏறத்தாழ 4,000 பேரில் பெண்கள் 411 பேர். வென்று 234 பேர் கொண்ட அவைக்குள் போனவர்கள் 12 பேர். நூற்றுக்கு ஐந்து என்ற இந்தக் கணக்கைக் கட்சித் தலைமைகளிடம் வைத்தால், பல ஆண்டுகளாக ஒரே பதில்தான் வருகிறது: பெண்களுக்கு இடம் கொடுக்க நாங்கள் தயார், மக்கள் ஓட்டுப் போட வேண்டுமே. பெண் வேட்பாளர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தப் பதிலோடு முடிந்துவிடுகிறது. சமூகத்தின் மனநிலை மாறவில்லை, அது மாறும்வரை காத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு கலைந்துவிடுகிறோம். இந்தப் பதில் உண்மைதானா என்று சோதிப்பதே இக்கட்டுரையின் வேலை. கிடைக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. பெண் என்பதற்காக வாக்காளர் ஒருவரைத் தோற்கடிப்பது, நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பாலினம் தன் வேலையை வாக்குச்சாவடிக்கு வெகு முன்பே முடித்துவிடுகிறது: கட்சி அலுவலகத்தின் நேர்காணல் அறையில், பிரசார மேடையில், செய்தியாளரின் கேள்வியில், கைப்பேசித் திரையில். அங்கே ஆக்கப்பட்ட ஒரு பார்வையைத்தான் மக்களின் பார்வை என்று பெயர் சூட்டி அழைக்கிறோம்.

முதலில் வரலாறு. இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய முதல் மாகாணம் சென்னை, ஆண்டு 1921. பெண்கள் சட்டமன்றத்துக்குப் போட்டியிட 1926-இல் வழி திறந்ததும் கமலாதேவி சட்டோபாத்யாய களமிறங்கி, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதே காலகட்டத்தில் நியமன உறுப்பினராக அவைக்குள் வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். 1946-இல் ருக்மணி லட்சுமிபதி சென்னை மாகாணத்தின் அமைச்சர். 1957-இல் குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமனுக்குக் காமராஜர் உள்ளாட்சித் துறையைக் கொடுத்தார். 1967-இல் தி.மு.க.வின் முதல் அமைச்சரவையிலேயே சத்தியவாணி முத்து இருந்தார். இந்தப் பெயர்கள் விதிவிலக்குகள்தான். ஆனால் வாக்காளரின் மனநிலைதான் தடை என்றால், படிப்பும் வருமானமும் ஏறஏற எண்ணிக்கையும் ஏறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நடந்தது அதுவல்ல. 1991-இல் சட்டமன்றத்தில் 32 பெண்கள் இருந்தார்கள். அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில் பெண்கள் பள்ளியை, கல்லூரியை, ஆலையை, அலுவலகத்தை நிறைத்தார்கள். 2021-இல் அவையில் இருந்தவர்கள் 12 பேர். மக்களின் மனம் முப்பது ஆண்டுகளில் பின்னோக்கி நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எனவே காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

வாக்காளர் என்ன செய்கிறார் என்பதை அறிய நல்ல வழி, ஒரே கட்சியின் ஆண், பெண் வேட்பாளர்களை ஒரே தேர்தலில் ஒப்பிடுவது. மொத்த வேட்பாளர் கணக்கை வைத்து வெற்றி விகிதம் பார்ப்பது ஏமாற்றும். சுயேச்சைகளின் பெருங்கூட்டம் அதைக் குழப்பிவிடும். 2019 மக்களவைத் தேர்தலில் ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் மொத்தம் 21 தொகுதிகளில் 7-ஐப் பெண்களுக்குக் கொடுத்தது. அவர்களில் 5 பேர் வென்றார்கள். மீதி 14 தொகுதிகளில் நின்ற ஆண்களில் வென்றவர்கள் 7 பேர். அஸ்கா தொகுதியில் நிறுத்தப்பட்ட பிரமிளா பிஷோய் சுய உதவிக் குழுவில் உழைத்து மேலே வந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். கியோஞ்சரில் வென்ற சந்திராணி முர்முவுக்கு அப்போது வயது 25. அதே தேர்தலில் மேற்கு வங்கத்தில் திரிணமூல் காங்கிரஸ் 42 இடங்களில் 17 பெண்களை நிறுத்தியது. பெண்களில் 9 பேரும், 25 ஆண்களில் 13 பேரும் வென்றனர். விகிதம் ஏறத்தாழ ஒன்றே. 2024-இல் அக்கட்சியின் பெண் உறுப்பினர்கள் 11 பேர் மக்களவைக்குப் போனார்கள். கட்சி தன் முழு பலத்தோடு பின்னால் நிற்கும்போது வாக்காளர் பெண்ணை ஆணுக்குச் சமமாகவே, சில இடங்களில் கூடுதலாகவே ஏற்றிருக்கிறார்.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. நாம் தமிழர் கட்சி 2019, 2021, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சரிபாதி இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. 2021-இல் 234-இல் 117 பேர் பெண்கள். ஒருவரும் வெல்லவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, பெண்களை நிறுத்தினால் இதுதான் கதி என்பவர்கள் உண்டு. அக்கட்சியின் ஆண்களும் ஒருவர்கூட வெல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவனிக்க வேண்டியது வாக்கு விகிதம்: அது ஏறத்தாழ 3.9 சதவீதத்திலிருந்து 6.6 சதவீதமாகி, பிறகு 8 சதவீதத்தைத் தாண்டியது. பெண்களை நிறுத்தியதால்தான் வளர்ந்தது என்று இதை வைத்து நிறுவ முடியாது. பாதி இடத்தில் பெண்களை நிறுத்தியதால் வாக்குகள் ஓடிப்போகவில்லை என்று நிறுவ முடியும். இன்னும் தெளிவான சான்று கரூர். ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராகத் தொடங்கிய ஜோதிமணி, 2014-இல் காங்கிரஸ் தனித்து நின்றபோது அங்கே தோற்றார். 2019-இல் தி.மு.க. கூட்டணியில் அதே தொகுதியில் நின்று, மக்களவைத் துணைத் தலைவராக இருந்த தம்பிதுரையை 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். வேட்பாளர் அதே பெண், தொகுதியும் அதே கரூர். மாறியது கூட்டணியும் அரசியல் காற்றும்தான். அவர் பெண் என்பது 2014-இல் தோல்விக்கோ 2019-இல் வெற்றிக்கோ காரணமாக இருந்ததில்லை.

பிற நாட்டு ஆய்வுகளும் இதே திசையில்தான் போகின்றன. கற்பனை வேட்பாளர்களின் வயது, படிப்பு, அனுபவம், பாலினம் எனப் பலவற்றைக் கலந்து கொடுத்து, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்கும் சோதனைகள் உலகின் பல பகுதிகளில் நடந்திருக்கின்றன. அப்படிப்பட்ட 67 சோதனைகளைத் தொகுத்து 2022-இல் சுசான் ஷ்வார்ட்ஸும் அலெக்சாண்டர் கொப்பாக்கும் வெளியிட்ட ஆய்வில், பெண் என்பதால் வேட்பாளருக்கு இழப்பு ஏற்படவில்லை. சராசரியாக 2 சதவீதப் புள்ளிகள் கூடுதல் ஆதரவே கிடைத்தது. ஆய்வாளர் கேட்கும்போது மக்கள் நல்லவர்களாகக் காட்டிக்கொள்வார்கள், தனியே பொத்தானை அழுத்தும்போது வேறு மாதிரி நடப்பார்கள் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் இந்தச் சோதனைகளில் பாலினம் பல விவரங்களுள் ஒன்றாகக் கலந்தே கிடப்பதால், எது சோதிக்கப்படுகிறது என்பது பதில் சொல்பவருக்கு எளிதில் புலப்படாது. தவிரவும், ஒடிசாவிலும் வங்கத்திலும் எண்ணப்பட்டவை கருத்துக் கணிப்புப் பதில்கள் அல்ல, உண்மையான வாக்குகள். வாக்காளரிடம் ஓரவஞ்சனையே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அது இருக்கிறது. ஆனால் கட்சி, கூட்டணி, சாதிக் கணக்கு, தொகுதிக் குறை இவற்றுக்கு முன்னால் அதன் எடை சிறியது. அவையின் 95 சதவீத இடங்கள் ஆண்களிடம் இருப்பதை நியாயப்படுத்தும் எடை அதற்கு இல்லை.

அப்படியென்றால் பாலினம் எங்கே வேலை செய்கிறது? முதல் இடம், வேட்பாளர் தேர்வு. விருப்ப மனு கொடுத்தவரைக் கட்சி நேர்காணலுக்கு அழைக்கும்போது எடைபோடப்படுவது பெரும்பாலும் மூன்று: எவ்வளவு செலவு செய்ய முடியும், தொகுதியில் எவ்வளவு ஆள்பலம், எந்தச் சாதி. மூன்றில் முதல் இரண்டும் பெண்ணுக்கு எதிராகவே சாய்ந்தவை. சொத்து பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கிறது. ஆள்பலம் என்பது கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என ஏறும் படிக்கட்டில் சேர்வது. இரவு நெடுநேரம் கட்சி அலுவலகத்தில் இருப்பவருக்கும், டீக்கடை, மண்டபம், காவல் நிலையம் என எந்நேரமும் போய்வர முடிகிறவருக்கும் அது சேரும். பெண்களுக்கு மகளிர் அணி என்று தனி அறை கொடுத்துவிட்டு, மாவட்டச் செயலாளர் பட்டியலில் அவர்களை விரல்விட்டு எண்ணும் நிலையில் வைத்திருக்கின்றன கட்சிகள். பிறகு, வெற்றி வாய்ப்பு இல்லை என்கின்றன. வெற்றி வாய்ப்புக்கான கருவிகளைக் கொடுக்காமல் வைத்திருப்பவரே அது இல்லை என்று தீர்ப்பும் சொல்வதுதான் இங்கே நடப்பது. இந்தச் சல்லடையைத் தாண்டி வருபவர்களில் அரசியல் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அதிகம் என்பதில் வியப்பில்லை. பணமும் ஆள்பலமும் அவர்களுக்குப் பிறப்பிலேயே அமைந்துவிடுகின்றன. ஆண்களிலும் வாரிசுகள் ஏராளம். ஆனால் வாரிசாக இல்லாத ஆணுக்குக் கட்சியில் வழி இருக்கிறது. வாரிசாக இல்லாத பெண்ணுக்கு அது மிகக் குறுகலானது.

இரண்டாம் இடம், பிரசாரம். வேட்பாளராக அறிவிக்கப்பட்ட பெண் முதலில் நிரப்ப வேண்டியது வேட்புமனுவோடு இணைக்கும் படிவம் 26 என்னும் உறுதிமொழிப் பத்திரம். அதன் தொடக்க வரியிலேயே இன்னாரின் மகன், மகள் அல்லது மனைவி என்று நிரப்ப இடமிருக்கிறது. மகன் ஒருவன் கணவன் ஆனபின் இன்னாரின் கணவர் என்று எழுத அங்கே இடமில்லை. தொகுதியில் நடக்கும் அறிமுகமும் இந்தப் படிவத்தின் நீட்சிதான். இன்னாருடைய மகள், இன்னாருடைய மருமகள், மறைந்த இன்னாரின் துணைவியார் என்று ஒலிபெருக்கி முழங்கும். அவர் மருத்துவராக, வழக்கறிஞராக, இருபது ஆண்டு கட்சிப் பணி செய்தவராக இருந்தாலும் அந்தத் தகவல் அதற்குப் பின்தான் வரும். தெருவுக்குள் நுழைந்தால் ஆரத்தித் தட்டோடு நிற்பவர்கள் பெண்கள். தட்டில் காசு போடுபவர் வேட்பாளர். அந்த வேட்பாளர் ஆணாக இருக்கும்வரை காட்சி பழகிய விதத்தில் அமைகிறது. பெண்ணாக இருந்தால், அவரே ஒரு வீட்டு அடுப்படிக்குப் போய்த் தோசை வார்த்துக் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறக்கிறது. ஆண் வேட்பாளர்களும் தோசை வார்க்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். அது எளிமையின் அடையாளமாகப் படமாகிறது. பெண் செய்தால், பொதுவாழ்வுக்கு வந்தும் வீட்டை மறக்காதவர் என்ற நற்சான்றிதழாகிறது. ஆணுக்கு அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியும் அப்படித்தான். பெண்ணின் பேட்டியில் அது தவறாமல் வருகிறது. அவருடைய தொகுதிக்கான திட்டம் என்ன என்பதற்கான நேரத்தை அது தின்றுவிடுகிறது.

இந்தக் குடும்பச் சட்டகம் பெண்ணுக்குப் பாதுகாப்பும் தருகிறது என்பதை மறுக்க முடியாது. அம்மாவாக, அக்காவாக, வீட்டுப் பெண்ணாக வரும்போது வாசலில் தண்ணீர் கொடுக்கிறார்கள், உட்காரச் சொல்கிறார்கள், பெண் வாக்காளர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். ஆண் வேட்பாளருக்கு எளிதில் கிடைக்காத நெருக்கம் இது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அம்மாவிடம் அன்பை எதிர்பார்ப்பார்கள். கனிமக் கொள்கை, காவல் துறைச் சீர்திருத்தம், நிதிப் பகிர்வு பற்றிய கருத்தை எதிர்பார்க்க மாட்டார்கள். வென்ற பிறகும் இது தொடர்கிறது. 2021-இல் பதவியேற்ற 34 பேர் கொண்ட தமிழ்நாடு அமைச்சரவையில் பெண்கள் இருவர். ஒருவருக்குச் சமூக நலம், மகளிர் உரிமை. இன்னொருவருக்கு ஆதிதிராவிடர் நலம். இவை சிறிய துறைகள் அல்ல. ஆனால் நிதி, உள்துறை, பொதுப்பணி, நெடுஞ்சாலை போன்றவற்றைக் கையாளும் பெண்ணை மக்கள் பார்த்துப் பழகும் வாய்ப்பு அங்கே அமையவில்லை. பார்த்துப் பழகாத ஒன்றைப் பொருத்தமற்றது என்று கருதுவது எளிது. அடுத்த தேர்தலில் அந்தக் கருத்தே வேட்பாளர் தேர்வுக்கு அளவுகோலாகிவிடும்.

மென்மையாக இருந்தால் தலைமைக்கு லாயக்கில்லை, உறுதியாக இருந்தால் பெண்மை இல்லை என்ற இரட்டைப் பிடி இந்திரா காந்தியின் வரலாற்றில் முழுமையாகத் தெரிகிறது. பிரதமரான தொடக்கக் காலத்தில் அவரை ஊமைப் பொம்மை என்று ராம் மனோகர் லோகியா ஏளனம் செய்தார். 1971 வங்கதேசப் போருக்குப் பிறகு அவர் துர்க்கை ஆனார். அமைச்சரவையின் ஒரே ஆண்பிள்ளை என்ற பாராட்டும் நெடுநாள் புழங்கியது. பழிப்பும் புகழ்ச்சியும் ஒரே இடத்திலிருந்து வந்தவை: ஆள்வது ஆணின் குணம், அது ஒரு பெண்ணிடம் இருந்தால் அவள் தெய்வமாகவோ ஆணாகவோதான் இருக்க வேண்டும். ஜெயலலிதாவின் பொதுவாழ்விலும் இதைக் காணலாம். கட்சியில் கட்டுப்பாடு வைத்திருந்த ஆண் தலைவர்களுக்கு ஆளுமை என்று கிடைத்த பெயர், அவருக்குப் பெரும்பாலும் ஆணவம் என்றே கிடைத்தது. அவருடைய ஆட்சியின் மீது வைக்கப்பட வேண்டிய கடுமையான விமர்சனங்கள் உண்டு; நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. அவற்றை வைப்பதற்கு அவருடைய திரைவாழ்வையும் மணமாகாத நிலையையும் மேடையில் இழுக்கத் தேவையே இருந்ததில்லை. இருந்தும் இழுத்தார்கள். இப்படி இழுத்தவர்கள் உண்மையான விமர்சனத்தின் கூர்மையையும் சேர்த்தே மழுங்கடித்தார்கள்.

மூன்றாம் இடம், உடலும் ஒழுக்கமும். 2019-இல் தூத்துக்குடியில் கனிமொழியும் தமிழிசை சௌந்தரராஜனும் எதிரெதிரே நின்றார்கள். இரு பெரும் அணிகளும் பெண்களையே நிறுத்திய அரிய போட்டி அது. ஆனால் மருத்துவரும் அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவருமான தமிழிசையைப் பற்றி அந்த ஆண்டுகளில் சமூக ஊடகங்களில் பெருகிய கேலிப் படங்கள் அவருடைய கட்சியின் கொள்கையைத் தொட்டதைவிட அவருடைய தலைமுடியையும் நிறத்தையும் தொட்டதே அதிகம். கியோஞ்சரில் சந்திராணி முர்முவின் முகத்தை ஒட்டிய ஆபாசக் காணொளி தேர்தல் நேரத்தில் பரப்பப்பட்டது. அதே தேர்தல் காலத்தில் இந்தியாவின் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு ட்விட்டரில் வந்த பதிவுகளில் 1,14,716-ஐ ஆராய்ந்த ஆம்னெஸ்டி இந்தியா, ஏழில் ஒன்று இழிவானதாகவோ சிக்கலானதாகவோ இருந்ததாகக் கண்டது. மேடைப் பேச்சிலும் குறைவில்லை. ஜெயப்பிரதாவைப் பற்றிய பேச்சுக்காக 2019-இல் சமாஜ்வாதியின் ஆசம் கானுக்கு 72 மணி நேரம், ஹேமமாலினியைப் பற்றிய பேச்சுக்காக 2024-இல் காங்கிரஸின் ரந்தீப் சுர்ஜேவாலாவுக்கு 48 மணி நேரம், மம்தா பானர்ஜியைப் பற்றிய பேச்சுக்காக அதே ஆண்டு பா.ஜ.க.வின் அபிஜித் கங்கோபாத்யாய்க்கு 24 மணி நேரம் எனத் தேர்தல் ஆணையம் பிரசாரத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் 2021-இல் எதிரணி முதல்வரின் தாயை இழுத்துப் பேசியதற்காக தி.மு.க.வின் ஆ. ராசாவுக்கு 48 மணி நேரம். எந்தக் கட்சியும் இதில் தப்பவில்லை. தடை ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. பேச்சின் காணொளி தொகுதியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆண் அரசியல்வாதிகளும் வசைபாடப்படுகிறார்கள், பொதுவாழ்வுக்கு வந்தால் தாங்கத்தான் வேண்டும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். வசை இருபாலருக்கும் உண்டு என்பது உண்மை. வேறுபாடு அதன் பொருளில் இருக்கிறது. ஆணை ஏசும்போது ஊழல்வாதி, பொய்யன், கோழை என்கிறார்கள். அவன் செய்ததை அல்லது செய்யத் தவறியதைச் சொல்கிறார்கள். பெண்ணை ஏசும்போது அவள் யாரோடு இருந்தாள், எப்படித் தோற்றமளிக்கிறாள் என்கிறார்கள். முதல் வகைக்குக் கணக்கு காட்டிப் பதில் சொல்லலாம். இரண்டாம் வகைக்குப் பதிலே கிடையாது. பதில் சொன்னால் பேச்சு வளரும், சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகும். ஆணை வசைபாட வேண்டும் என்றாலும் அவன் தாயையோ மனைவியையோதான் இழுக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இதன் பெரிய பாதிப்பு, நின்ற வேட்பாளருக்கு நேர்வதைவிட நிற்க நினைத்தவருக்கு நேர்வது. ஊரில் செல்வாக்கும் திறமையும் உள்ள பெண் தேர்தலில் நிற்க ஆசைப்படும்போது, இந்த அசிங்கம் நமக்கு எதற்கு என்று வீடு தடுக்கிறது. வாக்காளரின் பார்வை சோதிக்கப்படுவதற்கு முன்பே பட்டியல் சுருங்கிவிடுகிறது.

சாதி சேரும்போது சுமை இரட்டிக்கிறது. மேலே சொன்ன ஆம்னெஸ்டி ஆய்வில், விளிம்புநிலைச் சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மற்றவர்களைவிட 59 சதவீதம் கூடுதலாகச் சாதி வசையைச் சந்தித்தனர். முஸ்லிம் பெண்கள் 94 சதவீதம் கூடுதலாக மத, இன வசையைச் சந்தித்தனர். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாக்காளர்கள். தரையில் உட்கார வைத்தவர்கள் அந்த அறையில் அதிகாரம் பழகியிருந்தவர்கள். பெண் பதவிக்கு வருவதை ஊர் ஏற்கவில்லை என்று இதை எழுதினால் பழி இடம் மாறிவிடும்.

இனி எதிர்வாதங்கள். இந்தியாவை ஒரு பெண் ஆண்டார், தமிழ்நாட்டை ஒரு பெண் பலமுறை ஆண்டார், மாயாவதியும் மம்தாவும் முதல்வர்களானார்கள், உலகின் முதல் பெண் பிரதமர் 1960-இல் இலங்கையில் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க, பிறகு தடை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. இவர்களின் வெற்றி நான் சொன்னதையே உறுதிசெய்கிறது: மக்கள் பெண்ணை ஏற்கத் தயங்கவில்லை. ஆனால் உச்சியில் ஒரு பெண் இருப்பது கீழே இருக்கும் பெண்களுக்குத் தானாக வழி திறந்துவிடாது. ஜெயலலிதா தலைமையில் அ.தி.மு.க. வென்ற 2011-இல் சட்டமன்றத்தில் இருந்த பெண்கள் 17 பேர். 2016-இல் 21 பேர். 1991-இன் உயரத்தை அவை மீண்டும் எட்டவில்லை. சிறிமாவோ கொலையுண்ட பிரதமரின் துணைவி. 1988-இல் தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வரான ஜானகி, மறைந்த எம்.ஜி.ஆரின் துணைவி. இந்திரா, நேருவின் மகள். ஜெயலலிதா, மம்தா, மாயாவதி மூவரும் மணம் செய்துகொள்ளாதவர்கள். ஒரு பெரிய ஆணின் பெயர் அல்லது குடும்பமே இல்லாத வாழ்க்கை, இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் அவர்களிடம் கேட்கப்பட்டிருக்கிறது. சாதாரணமாகக் கணவனும் பிள்ளைகளும் வேலையும் உள்ள பெண் சாதாரணமாக வேட்பாளராவதுதான் சமத்துவத்தின் அளவுகோல். அசாதாரணமான ஒருவர் உச்சிக்குப் போவது அந்த அளவுகோல் ஆகாது.

கல்வி பரவினால் எல்லாம் சரியாகும் என்பது அடுத்த வாதம். கேரளத்தைப் பார்த்தால் போதும். எழுத்தறிவில் முன்னணி, வாக்காளர்களில் பெண்கள் பாதிக்கும் மேல். 2021-இல் 140 பேர் கொண்ட அவைக்குப் போன பெண்கள் 11 பேர். நிலச்சீர்திருத்தத்தின் முகமாக விளங்கிய கே.ஆர். கௌரியம்மா 1987-இல் முதல்வராவார் என்று பிரசாரத்தில் பேசப்பட்டது. வென்ற பிறகு பதவி ஈ.கே. நாயனாருக்குப் போனது. நிபா, கோவிட் காலங்களில் சுகாதாரத் துறையை நடத்திய கே.கே. சைலஜாவை 2021-இல் மட்டன்னூர் மக்கள் 60,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வெல்ல வைத்தார்கள். புதிய அமைச்சரவையில் அவருக்கு இடமில்லை. புதியவர்களுக்கு வழிவிடுவது என்ற பொதுவிதியைக் கட்சி காரணமாகச் சொன்னது. விதி பொதுவானதாக இருக்கலாம்; மக்கள் இவ்வளவு தெளிவாகத் தந்த தீர்ப்பு கட்சிக்குள் எடுபடவில்லை என்பதே இங்கே முக்கியம். இரு இடங்களிலும் தயங்கியது மக்கள் அல்ல.

ஒதுக்கீட்டில் வரும் பெண்கள் கணவரின் பொம்மைகள், ஆகவே ஒதுக்கீடு பார்வையை மாற்றாது என்பது மூன்றாவது வாதம். கணவர் தலைவர் நாற்காலியில் உட்காரும் ஊராட்சிகள் உண்மையாகவே உண்டு. ஆனால் அங்கே கதை முடிவதில்லை என்பதற்கு வலுவான சான்று மேற்கு வங்கத்திலிருந்து வருகிறது. அங்கே எந்த ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவானதால், ஒதுக்கப்பட்ட ஊர்களையும் ஒதுக்கப்படாத ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தலைவர் உரையைச் சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் போட்டுக்காட்டி மதிப்பெண் கேட்டார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைத்து மதிப்பிட்டார்கள். பெண் தலைவரைப் பார்த்துவிட்ட ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்தது. தலைவர் ஆணாக இருந்தால் நல்லது என்ற விருப்பம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. ஆனால் பெண்ணால் முடியாது என்ற எண்ணம் மாறியது. இரண்டு முறை ஒதுக்கப்பட்ட இடங்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் நின்று வெல்வது கணிசமாகக் கூடியது. மும்பை மாநகராட்சியில் ரிகில் பவ்னானி செய்த ஆய்வும் இதையே சொல்கிறது: 1997-இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வார்டுகளில், 2002-இல் ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண் வெல்லும் வாய்ப்பு மற்ற வார்டுகளைவிட ஐந்து மடங்கு. முன்பு சொன்ன குரல் சோதனை இன்னொன்றையும் காட்டுகிறது. வாக்காளரிடம் இருக்கும் ஓரவஞ்சனை பெருமளவு அறியாமையிலிருந்து வருவது; கண்முன்னே பார்த்தால் கரைவது. அதைக் கரைக்கும் வாய்ப்பைத் தர மறுப்பவர்களே அது கரையவில்லை என்கிறார்கள்.

ஆகவே தீர்வு மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதில் தொடங்க வேண்டியதில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்ற தமிழ்நாட்டுச் சட்டத்தின் பயனாக 2022-இல் 21 மாநகராட்சிகளில் 11-க்குப் பெண் மேயர்கள் வந்தார்கள். சென்னையின் மேயரானார் 28 வயதான பிரியா. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் மசோதா 1996-இல் முதன்முதலாக வைக்கப்பட்டு, 2023-இல்தான் அரசியல் சட்டத்தின் 106-ஆவது திருத்தமானது. அதுவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ஆகியவற்றோடு முடிச்சுப் போடப்பட்டே நிறைவேறியது. சட்டம் நடைமுறைக்கு வரும்வரை கட்சிகள் காத்திருக்கத் தேவையில்லை என்பதை ஒடிசா 2019-இல் காட்டியது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் ஒரு கட்சி மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. வேட்பாளர் பட்டியலில் எத்தனை பெண்கள் என்று கேட்பதோடு, வெல்லக்கூடிய தொகுதிகளில் எத்தனை, மாவட்டச் செயலாளர்களில் எத்தனை என்றும் கேட்கும் பழக்கம் பத்திரிகைகளுக்கு வர வேண்டும். ஆண் வேட்பாளரிடம் கேட்காத கேள்வியைப் பெண் வேட்பாளரிடம் கேட்பதில்லை என்று ஒவ்வொரு செய்தி அறையும் முடிவெடுக்கலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை. பெண்ணின் உடலையும் ஒழுக்கத்தையும் இழுக்கும் பேச்சுக்கு இரண்டு நாள் தடையோடு தேர்தல் ஆணையம் நின்றுவிடக் கூடாது. அந்தப் பேச்சாளரைக் கட்சி அடுத்த மேடையில் ஏற்றுகிறதா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெண் வேட்பாளரை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு, அவர்கள் முன் அவரை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதே சான்றுகள் தரும் பதில். குறைந்த பணத்தோடும், இல்லாத ஆள்பலத்தோடும், இன்னாரின் மனைவி என்ற அறிமுகத்தோடும், தோற்கும் தொகுதியில் நிறுத்தினால் தோற்பார். கட்சியின் முழு பலத்தோடு, தன் பெயரோடும் தன் பணியோடும் நிறுத்தினால் ஆணைப் போலவே சில இடங்களில் வெல்வார், சில இடங்களில் தோற்பார். அந்தச் சம வாய்ப்பைத் தந்து பார்த்த இடங்களிலெல்லாம் வாக்காளர் கட்சிகளைவிட ஓர் அடி முன்னால் இருந்திருக்கிறார். எனவே வெற்றி வாய்ப்பு இல்லை என்று சொல்லிப் பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கும் தலைமை, அந்த முடிவுக்கான பொறுப்பைத் தன் பெயரிலேயே ஏற்க வேண்டும். மக்களின் பெயரில் எழுதக் கூடாது.